பரீட்சையன்று கடல்பாசி சூப்

"பரீட்சை அன்னைக்குக் கடல்பாசி சூப்பா? உங்களுக்கு மண்டையில ஏதாவது கழண்டுடுச்சா?"

விடியற்காலை ஐந்து மணிக்கு ஹேசுக் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே கரண்டியோடு அவள் கணவர் தொக்சு. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு முட்டை வேகவைத்து அறியாத மனுஷர், இன்றைக்குப் பார்த்துப் பாசியை ஊறவைத்து, மாட்டிறைச்சியை வதக்கி, எள்ளெண்ணெய் விட்டு... வாசனை வேறு!

"பாசின்னா வழுக்கும். சாப்பிட்டா பரீட்சையில வழுக்கி விழுவாங்க. இந்தத் தேகு ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐயோ, 'விழு'ன்னு என் வாயாலேயே சொல்ல வெச்சுட்டீங்களே!"

"பாசி போறது வயித்துக்கு. பரீட்சை எழுதறது மூளை" என்றார் தொக்சு.

பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஜோசியக்காரர்களைத் திட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர். நாலு என்றால் சாவு என்று ஊரே ஒதுக்குகிற நாலாம் மாடியில் தேடிப் பிடித்து வீடு வாங்கினவர்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் ஹேசுக். இதைப் பொறுக்க முடியுமா? மகள் தாசொம் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுவது இது மூன்றாவது தடவை. நூறு நாள், மழையோ வெயிலோ, மலை மேலிருக்கும் கல் புத்தரிடம் ஏறி இறங்கியதில் ஹேசுக்குக்கு முழங்கால் இரண்டும் போயே போச்சு. மூன்று மாதமாக இந்த வீட்டில் எதுவும் 'விழுந்தது' கிடையாது. கரண்டி கை நழுவினால்கூட, "தரையில ஒட்டிக்கிச்சு" என்றுதான் சொல்ல வேண்டும்.

தாசொம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"அப்பா, விளையாடறீங்களா?"

"உட்காரு. ஒரே ஒரு கிண்ணம். இந்த மூடநம்பிக்கைக்கு இன்னைக்கே ஒரு முடிவு கட்டிடுவோம்."

"உங்க ஆராய்ச்சிக்கு எம்பொண்ணுதான் எலியா?" என்று கத்தினாள் ஹேசுக்.

தொக்சு கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினார். சண்டை போட நேரமில்லை. தாசொம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள்.

"ஏதாவது ஆச்சு, உங்களைத்தான் சொல்வேன்!"

"தாராளமா சொல்லு."

மலைக்கோயிலில் அம்மாக்கள் கூட்டம். தேர்வு அறையில் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமோ, இங்கே அந்தப் பாடத்துக்குக் கும்பிடு. கணக்கு நேரம் வந்தபோது ஹேசுக்குக்கு அடக்க முடியவில்லை. பக்கத்துப் பாயில் குனிந்து எழுந்துகொண்டிருந்தவளிடம் கொட்டிவிட்டாள்.

"பாசி சூப்பா! பெத்த அப்பாவா?"

"பெத்த அப்பாதான்."

"அடிப்பாவி! நீ எதுக்கும் இன்னொரு நூறு கும்பிடு சேர்த்துப் போடு."

சாயங்காலம் தேர்வு நடந்த பள்ளி வாசலில் போய் நின்றாள் ஹேசுக். போன வருஷமும் இப்படித்தான் நின்றாள். தாசொம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "நான்தான் மக்கு. எனக்குத்தான் மூளை இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவருகே வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அந்தப் பதினோரு ராத்திரியும் தொக்சு பால்கனிக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார்.

தாசொம் வந்தாள்.

"கணக்கு போச்சும்மா."

ஹேசுக் வாயைத் திறப்பதற்குள் தாசொமே ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாம் அந்த சூப்பால! நல்லாத் தெரிஞ்ச கணக்கு, பிடிக்கப் பிடிக்க நழுவிப் போகுது. எந்த அப்பாவாவது இப்படிச் செய்வாரா? வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன்!"

வழியெல்லாம் திட்டினாள். தெருக்கடையில் நின்று காரமான அரிசிக் கொழுக்கட்டை ஒரு தட்டு, மீன் வடை இரண்டு குச்சி. வாயில் வைத்துக்கொண்டே திட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்த கச்சேரி அரைமணி நேரம். தொக்சு வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி தலைகுனிந்து நின்றார்.

"தப்புதாம்மா. அப்பா அந்த சூப்பை வெச்சிருக்கக் கூடாது."

"அடுத்த வருஷம் நீங்க அடுப்புப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

தாசொம் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

ஹேசுக் இடுப்பில் கை வைத்தாள். "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே, பாசி வழுக்கும்னு."

"பாசியாவது, பரீட்சையாவது! எந்த முட்டாள் நம்புவான்?"

"அப்புறம் எதுக்கு அவகிட்ட அப்படித் தலைகுனிஞ்சு நின்னீங்க? ஒருவேளை அவ நல்லா எழுதியிருந்தா?"

"மூடநம்பிக்கை மண்ணைக் கவ்விடுச்சுன்னு பத்திரிகைக்கு எழுதியிருப்பேன்."

சொல்லிவிட்டு, சூப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார் தொக்சு. தலை நிமிரவில்லை.

"அவ ஜெயிச்சா நன்றி சொல்ல ஒரு ஆளை நீ மலை மேல பார்த்து வெச்சுட்ட, தாசொம் அம்மா. தோத்தா திட்ட ஒரு ஆள் வேணாமா? போன வருஷம் அவளுக்கு அவளை விட்டா வேற யாருமே கிடைக்கலையே."