சிவப்புப் புள்ளி

வாசல் சுவரிலிருந்த மின்சார மீட்டர் கம்பி வழியாகச் சமையலறை ஃபிரிட்ஜிடம் பேசியது.

"ஏம்ப்பா, கொஞ்சம் நில்லேன். பதினாறு நாளாக ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. உன்னால் மட்டும்தான் பில் ஏறுகிறது."

"உள்ளே அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. நான் நின்றால் கெட்டுவிடும்."

"அதை எடுக்க உன் கதவை யார் திறந்தார்கள்?"

ஃபிரிட்ஜ் சற்று யோசித்தது. "அம்மா எங்காவது போயிருப்பார்."

"என்னைத் தாண்டி வெளியே போகவில்லை. நாளை ரீடிங் எடுக்க ஆள் வருவார். நீ நின்றால்தான் என் சிவப்புப் புள்ளி அணையும். அணைந்திருந்தால் அவர் கதவைத் தட்டுவார்."

"பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் வேலையை நிறுத்தியதில்லை. அந்தக் கெட்ட பேர் எனக்கு வேண்டாம்."

மறுநாள் ரீடிங் எடுப்பவர் வந்து குறித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், அந்தம்மாவை ஆளையே காணோமே. கதவைத் தட்டிப் பாப்பமா?"

ரீடிங் எடுப்பவர் மீட்டரைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"கரண்ட் ஓடுதே சார். உள்ளதான் இருக்காங்க."

இருவரும் போய்விட்டார்கள்.

"கேட்டாயா?" என்றது ஃபிரிட்ஜ் பெருமையாக. "அம்மா உள்ளேதான் இருக்கிறாராம்."