ரொம்ப சந்தோஷம்

“உங்கம்மா எங்கப்பாவை அதட்டுறாங்க.”

நிச்சயம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் புகார் வாசித்துவிட்டாள்.

“எங்கம்மாவா? அதட்டுறாங்களா?” என்றான், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். கல்யாணத்துக்கு ஹால் பார்க்க வந்திருந்தார்கள். பெரியவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். இவர்கள் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பின்னே? மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, ‘சம்பந்தி! ஹால்! பார்க்கப்! போறோம்!’னு கத்துறாங்க. எங்கப்பா என்ன எல்.கே.ஜி.யா?”

“அம்மா கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க...”

“என்கிட்ட மட்டும் மெதுவா பேச வருதே? பொண்ணைப் பெத்தவர்னா இளக்காரம்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பாடத்தைக் கற்றுவிட்ட புத்திசாலி.

அவளுக்கு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் குறைகளைக் கேட்பாள். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவதாக அவளுக்கு ஒரு நினைப்பு. வருங்கால மாமியாரையும் போட்டாயிற்று.

அப்பா அச்சகத்தில் மெஷின்மேன். அம்மா போன பிறகு, அந்த மெஷின்களோடு மல்லுக்கட்டி அவளை ஆளாக்கியவர். அவரைப் போய் ஒருத்தர் அதட்டுவதா?

முதல் ஹாலில் உயரமான வட்டக் கூரை. மாமியார் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினார். “இது வேண்டாம்” என்று திரும்பிவிட்டார்.

இரண்டாவதில் பளிங்குத் தரை, சுற்றிலும் கண்ணாடி. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. மாமியார் மறுபடியும் கையைத் தட்டினார்.

“இதுவும் வேண்டாம்.”

‘ஹால் பார்க்க வந்தாங்களா, கொசு அடிக்க வந்தாங்களா?’ என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மேனேஜர் அப்பாவின் பக்கம் குனிந்து, “எப்படியும் நீங்க கேட்ட தேதியில வேற பார்ட்டி புக் பண்ணிட்டாங்க, சார். மன்னிக்கணும்” என்றார்.

“ரொம்ப சந்தோஷம்!” என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எங்கப்பாவோட குசும்பு யாருக்கும் வராது” என்றாள் பெருமையாக.

மூன்றாவது ஹாலில் தாழ்ந்த கூரை. காலுக்கடியில் பழைய கம்பளம், ஜன்னலுக்கு ஜன்னல் கனமான திரை. கிடங்குக்குக் கொஞ்சம் அலங்காரம் செய்தது மாதிரி இருந்தது. மாமியார் கையைத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான். பாட்டு, ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம்.”

“கல்யாண ஹாலா, பரீட்சை ஹாலா?” என்று அவள் முணுமுணுத்தாள்.

மாமியார் காதில் வாங்கவில்லை. நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

“சம்பந்தி! இந்த ஹால்! பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு, சம்பந்தியம்மா. ஜன்னல்தான் சின்னது.”

அவளுக்குச் சுருக்கென்றது. அப்பாவை அவன் சாப்பாட்டுக் கூடம் காட்ட அழைத்துப் போகட்டும் என்று காத்திருந்தாள்.

“அத்தை, ஒண்ணு சொல்றேன். எங்கப்பாவை நானே ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்லை. நீங்க இப்படித்தான் அதட்டுவீங்கன்னா, இந்தக் கல்யாணத்தை நான் இன்னொரு தடவை யோசிக்கணும்.”

மாமியார் கோபப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில் ஒரு சின்ன மெஷின்.

“நிச்சயத்தன்னிக்கு உங்கப்பாகிட்ட, ‘எங்கண்ணன் போன மாசம் தவறிட்டார், அவருக்குத்தான் கொடுத்து வைக்கல’ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, ‘ரொம்ப சந்தோஷம்’னார்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்குக் கோபமே வரலைம்மா. இதை மாட்டிக்கிறதுக்கு முன்னாடி, நானும் ‘அப்படியா, நல்லது’ன்னே ரொம்ப நாள் ஓட்டியிருக்கேன். பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் வெளியே தெரிய வேண்டாம்னு நினைக்கிறார் போலிருக்கு. எங்கே சம்பந்தம் தட்டிப்போயிடுமோன்னு பயம். எம்புள்ளைகிட்டகூட நான் மூச்சு விடலை. அவரா சொல்றப்போ சொல்லட்டும்.”

“அப்போ, இந்த ஹால்...”

“எதிரொலிக்காது. நேரா நின்னு, நிறுத்தி நிறுத்திப் பேசினா அவருக்குப் புரியும். சொந்தப் பொண்ணு கல்யாணத்துல என்ன நடக்குதுன்னு அவருக்குக் கேக்க வேண்டாமா?”

தினமும் ராத்திரி சமையலறையிலிருந்து, “இன்னிக்குத் தலைவலி உயிர் போகுதுப்பா” என்று அவள் சொல்வாள். கூடத்திலிருந்து, “ரொம்ப சந்தோஷம்” என்று பதில் வரும். அதற்கும் சிரித்திருக்கிறாள். இப்போது வெட்கத்தில் அவளால் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை.

அப்பாவும் அவனும் திரும்பி வந்தார்கள். அவள் விடுவிடுவென்று போய் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அப்பா! இந்த ஹாலே! எனக்கும்! பிடிச்சிருக்கு!”

அப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“பிடிச்சா சரிதாம்மா. அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?”

வாசல் படி இறங்கும்போது, அவன் அவள் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

“நல்லா இருக்கே கதை! எங்கம்மாவைச் சொல்லிட்டு, இப்போ நீயே உங்கப்பாவை அதட்டுறே?”

“ஆமா” என்றாள். “இனிமே நானும் அப்படித்தான்.”