இரண்டு சங்குகள்

காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டுகளில் குட்டன் என்பவனுக்கு மட்டும் இரண்டு சங்குகள் இருந்தன. மங்கிய சாம்பல் சங்கில் அன்றாடம் திரிவான். பெரிய சிவப்புச் சங்கைப் பாறையிடுக்கில் ஒளித்துவைத்திருந்தான். அதற்குள் இருக்கும்போதுதான் அவனுக்குத் துணிச்சல் வரும். ஒருநாள் பவளம் என்ற பெண் நண்டைப் பருந்து கொத்த வந்தபோது, சிவப்புச் சங்கோடு பாய்ந்து அவளைக் காப்பாற்றினான். பெயர் சொல்லாமல் போய்விட்டான்.

மறுநாள் பவளம் சாம்பல் சங்குக்காரனிடம் கேட்டாள்: "அவர் மறுபடி வருவாராடா?"

"வருவார்," என்றான் குட்டன். தன்மீதே பொறாமைப்பட்டான். ஆனாலும் அவ்வப்போது சிவப்புச் சங்கில் போய் அவளிடம் கொஞ்சிவிட்டு வந்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மனம் பொறுக்காமல் உண்மையைச் சொன்னான். சிவப்புச் சங்கையும் இழுத்துவந்து காட்டினான்.

"போன மாசமே தெரியும்," என்றாள் பவளம். "ரெண்டு பேருக்கும் இடது கொடுக்கு ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு. நீயா சொல்றியான்னு பார்த்தேன். அவருக்காக நான் அழுதப்ப, பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் வேற சொன்னியே!"

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ரெண்டையும் விட்டு வெளியே வா. உள்ளே இருக்கிறது யாருன்னு பார்க்கிறேன்."

வெளியே வந்தான். சுருண்ட, மென்மையான உடல் வெயிலில் நடுங்கியது. அவள் அருகே வந்தாள். அப்போது பருந்தின் நிழல் மணலில் விழுந்தது.

"உள்ளே போடா, சீக்கிரம்!"

இரண்டு சங்குகளும் எட்டும் தூரத்தில்தான் கிடந்தன. குட்டனோ, எதற்குள் புகுந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.