கேள்விக்குறி போடாத லிங்க்

'காணவில்லை' என்ற கொட்டை எழுத்துக்கு மேலே எம்.டி. கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

காணாமல் போனது எம்.டி. அல்ல. இந்த அறிவிப்பைச் செய்தவனுடைய மாமனார்.

காலையில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டவர், தட்டில் வைத்ததைத் தொடாமலே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் எங்காவது மயங்கி விழுவார். விழுந்த இடத்தில் யாராவது கேட்டால், சொல்வதற்குத் தன் பெயர்கூட அவருக்கு இப்போது ஞாபகமில்லை.

மனைவியும் மைத்துனனும் தெருத்தெருவாக அலைந்தார்கள். வெப்சைட் செய்து பிழைக்கும் மாப்பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய ஆபீசுக்கு ஓடினான். மாமனாரின் படம், அங்க அடையாளம், தன் போன் நம்பர். ஆபீஸ் சர்வரிலேயே பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் தயார். லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டான்.

அப்போதுதான் லிங்க்கின் தலையில் எம்.டி. வந்து நின்றார்.

கம்பெனியிலிருந்து எந்த லிங்க் வெளியே போனாலும் தன் முகம் முன்னால் வரவேண்டும் என்பது ஆறு மாதத்துக்கு முன் அவர் போட்ட உத்தரவு. லிங்க்குக்கு மேலே தெரியவேண்டிய படத்தைத் தனியாகக் குறிக்காவிட்டால், எம்.டி. தானாக வந்து குந்திக்கொள்வார். அந்த ஏற்பாட்டைச் செய்து, பாராட்டுக் கூட்டத்தில் பூங்கொத்து வாங்கியவன் இவனேதான். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பின் தலையிலும் எம்.டி. சிரித்தார். இவன் வீட்டுக்கு அனுப்பிய லிங்க் ஒவ்வொன்றிலும் சிரித்தார். பெற்ற மகளையே யாரென்று கேட்கும் மாமனார், அவள் போனை வாங்கி அந்த முகத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று அவசரத்தில் படம் குறிக்க மறந்துவிட்டான்.

போன் அடித்தது. மனைவி. "ஏங்க, எங்கப்பாவைத் தேடச் சொன்னா நீங்க உங்க எம்.டி.யைத் தேடிக்கிட்டிருக்கீங்களே!"

அதற்குள் குடும்ப குரூப்பிலிருந்த சித்தப்பா ஒருவர் பதினோரு குரூப்புகளுக்கு அனுப்பி முடித்திருந்தார். திறந்து பார்த்தவர் யாருமில்லை. திறந்து பார்த்துவிட்டா அனுப்புகிறார்கள்? 'ஐயோ பாவம், என்ன களையான முகம்' என்று ஒரு அத்தை மட்டும் உருகியிருந்தாள்.

படத்தைக் குறிக்க ஒரே ஒரு வரி. திருத்தினான். மறுபடி அனுப்பினான்.

மறுபடியும் எம்.டி.

அவனுக்கு உறைத்தது. இந்த ஆப்கள் ஒரு லிங்க்கை முதலில் எப்படிப் பார்த்தனவோ அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். கல்யாணத்தன்று கண்டதை வைத்து ஆயுசுக்கும் எடைபோடுகிற சொந்தக்காரர்கள் மாதிரி. அவற்றை ஏமாற்ற ஒரு வழி உண்டு. லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறி, இரண்டு என்று ஒரு எண். அவ்வளவுதான். இது வேறு லிங்க் என்று நம்பிப் புதிதாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

போட்டான். அனுப்பினான்.

சாம்பல் நிறச் சதுரம் ஒன்று வந்து, ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றது.

பிறகு மாமனார் வந்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்போடு, சதுரம் முழுக்க.

அடுத்த மேஜைக்காரியின் போனில் வந்தார். எதிர் மேஜையில் வந்தார். டிரைவர்கள் குரூப்பில், மருந்துக்கடைக்காரர்கள் குரூப்பில், யாரென்றே தெரியாதவர்களின் கைகளில். ஐந்தே நிமிடத்தில், வாழ்நாளில் அவரைப் பார்த்தே இராத ஒரு ஊர் அவர் முகத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தது.

அவன் வாயைப் பிளந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சதுரத்தை வெட்டி, ஒட்டி, இழுத்துச் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவன். அது இவ்வளவு பெரியது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

எத்தனை பேர் பக்கத்துக்குள் வந்தார்கள் என்று பார்த்தான்.

ஒருவர்.

அதுவும் கேள்விக்குறி இல்லாத பழைய லிங்க் வழியாக. எம்.டி. சிரித்த லிங்க்.

மேஜை போன் அலறியது. ரிசப்ஷன் பெண் குரலைத் தாழ்த்தி, எம்.டி. உடனே மேலே வரச் சொல்கிறார் என்றாள்.

வேலை போகட்டும், நாசமாய்ப் போகட்டும். மணி பதினொன்றேகால், ஊசி போட்டு நாலு மணி நேரம் ஆகப்போகிறது. கத்துகிறவர் சீக்கிரம் கத்தி முடித்தால் தேவலை என்று இரண்டிரண்டு படியாக ஏறினான்.

மேலே அறை வாசலில் செக்யூரிட்டி நெளிந்தார். காலையில் ஒரு பெரியவர் வந்து, கீழே வாசலில் மாட்டியிருக்கும் எம்.டி. போட்டோவைக் காட்டி, இவரை எனக்கு நல்லாத் தெரியும் என்றாராம். சொன்ன தோரணையில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து லிஃப்டில் ஏற்றிவிட்டாராம்.

மாமனாருடையவை முப்பத்தாறு வருஷம் தபால் கொடுத்த கால்கள். எந்த வாசலிலும் தயங்கியதில்லை.

கதவைத் தள்ளினான்.

எம்.டி. கைகட்டியிருக்கவில்லை. கட்ட முடியாது. சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஒரு கையை மாமனார் இறுகப் பிடித்திருந்தார். டீப்பாயில் காலியான பிஸ்கட் தட்டு. மாமனாரின் மற்றொரு கையில் எம்.டி.யின் போன். அதில், 'காணவில்லை' என்ற கொட்டை எழுத்துக்கு மேலே, அந்தச் சிரிப்பு.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நல்லவேளை வந்தீங்க தம்பி. பாவம், இவரைக் காணோம்னு ஊரே தேடுது. பயப்படாதீங்க சார், விலாசத்தை மட்டும் சொல்லுங்க, நானே கொண்டுபோய் உங்க வீட்டுல சேர்த்துடறேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

எம்.டி. கையை இழுத்துக்கொள்ளவுமில்லை. கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்து, தன் வீட்டு விலாசத்தை மெதுவாகச் சொன்னார்.