பஃபேயில் ஒரு டிபன் பாக்ஸ்

நாற்பத்திரண்டு அயிட்டம் ஆவி பறக்க வரிசை கட்டி நிற்கிற ஹாலில், ஏழாம் நம்பர் டேபிளில் ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து மகளுக்கு இட்லி எடுத்து வைத்தாள்.

கல்லாவில் இருந்த கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது.

தஞ்சாவூர் பைபாஸில் இந்த சைவ பஃபேயை அவர் திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறார். போர்டு கிடக்கட்டும். சுருக்கென்றதற்குக் காரணம் போர்டு இல்லை, ஏழாம் நம்பரில் உட்கார்ந்திருந்த ஆள்.

வாஞ்சிநாதன். குடவாசல் பக்கம் அவர்கள் ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் இவருடைய அப்பா பேரில் இருந்தது. அதில் நட்டு, அறுத்து, அடித்தவர் கோவிந்தராசுவின் அப்பா. கஞ்சி ஊற்றினால்கூட மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துத்தான் ஊற்றுவார்கள். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம் அதுவும் நின்றது.

அப்புறம் ஆட்சி மாறியது, உச்சவரம்புச் சட்டம் வந்தது, நிலம் கை மாறியது. வாஞ்சிநாதன் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போனார். கோவிந்தராசு கேட்டரிங் படித்து, சிங்கப்பூரில் பத்து வருஷம் கரண்டி பிடித்து, முதலாளியாகத் திரும்பி வந்தார்.

நம்ம ஊர்க்காரர் ஓட்டல் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்ததாக வாஞ்சிநாதன் உள்ளே நுழையும்போதே சொல்லியிருந்தார். கோவிந்தராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. பண்ணை வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து தன் கைச் சாப்பாடு சாப்பிடுவதை அப்பா இருந்து பார்த்திருக்கணும் என்று நினைத்துக்கொண்டார்.

பார்த்தால், டிபன் பாக்ஸ்.

சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. சூடாக இரண்டு குலோப்ஜாமூனைக் கிண்ணத்தில் போட்டுத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

குழந்தைக்கு ஏழு வயசு இருக்கும். அன்றைக்குப் பிறந்தநாளாம், புதுப் பாவாடை சட்டை. ஜாமூனைப் பார்த்ததும் இட்லியை மறந்து கையை நீட்டியது. அம்மா ஆனந்தம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தை மேஜையின் மறு ஓரத்துக்கே தள்ளிவிட்டாள்.

கோவிந்தராசுவுக்கு வந்ததே கோபம்.

"எங்க கையால சமைச்சதைச் சாப்பிட்டா ஆசாரம் கெட்டுடும்னா, எதுக்கும்மா இங்க வரணும்?"

ஹால் முழுக்கக் கேட்டது. அக்கம்பக்கத்து டேபிள்காரர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

வாஞ்சிநாதன் பதறி எழுந்தார். அவர் முன்னால் வழித்துச் சாப்பிட்ட தட்டு மூன்று கிடந்தது. வாயோரம் வத்தக்குழம்பு. கோவிந்தராசு அதையெல்லாம் அப்போதுதான் பார்த்தார்.

ஆசாரமெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஆனந்தம்தான் விளக்கினாள். குழந்தைக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, துளி பட்டாலும் குடல் புண்ணாகிவிடும். எடையே ஏறாமல் நோஞ்சானாகக் கிடந்தவளுக்கு இன்ன வியாதி என்று டாக்டர் கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் இந்த டப்பாதான்.

கோவிந்தராசுவுக்கு முகம் செத்துவிட்டது. தன் ரோஷத்துக்கு ஒரு குழந்தையின் வயிற்றைக் கெடுக்க இருந்தாரே. மன்னிப்புக் கேட்டார். கேட்டும் ஆறவில்லை. பிறந்தநாளும் அதுவுமாகக் குழந்தை தன் ஓட்டலில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போவதாவது.

"நெல்லு விளையுற ஊரும்மா இது. சாம்பார், ரசம் எதுலயும் கோதுமை கிடையாது. தைரியமாக் குடுங்க" என்றார்.

"பெருங்காயம் போடுவீங்க இல்லையா?" என்று கேட்டாள் ஆனந்தம். "கடையில விக்கிற பெருங்காயத்துல பாதிக்கு மைதாதான். டப்பாவுலயே போட்டிருக்கும். அப்புறம், கேசரி எடுத்த கரண்டியே சாதத்துலயும் விழும். பரவாயில்ல சார், அவளுக்குப் பழக்கம்தான்."

குழந்தை ஜாமூனையே பார்த்துக்கொண்டிருந்தது. பழகின முகமாகத் தெரியவில்லை.

கோவிந்தராசு விடுவிடென்று சமையல்கட்டுக்குள் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருங்காய டப்பாவைப் படித்தார். அவள் சொன்னது சரிதான். இத்தனை வருஷமாக அள்ளிப் போடுகிற சாமான், ஒரு நாள்கூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

சரக்கு மாஸ்டர் நாகநாதனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, பெருங்காயம் போடாமல், இங்கே இருக்கிற கரண்டி எதுவும் படாமல், கால் மணி நேரத்தில் ஏதாவது ஆகுமா என்று கேட்டார்.

"ஆக்கவே வேணாம் சார். ரெடியா இருக்கு" என்று பின்கட்டுக்குப் போனார் நாகநாதன்.

மூடி வைத்த தட்டில் சோறும் சின்ன வெங்காயக் குழம்பும் வந்தன. ஆனந்தம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். புளி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. அடுப்பு, சட்டி, கரண்டி எல்லாமே தனி. அவளுக்கே நம்ப முடியவில்லை.

குழந்தை வழித்துச் சாப்பிட்டது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டது.

வாஞ்சிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் வெளியில சாப்பிடறா. இப்படித் தனியா செஞ்சு வைக்கணும்னு எந்த ஓட்டல்காரருக்குத் தோணும்? உங்களுக்குப் பெரிய மனசு" என்று கோவிந்தராசுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தராசுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்லாவுக்கு வந்ததும் நாகநாதனைக் கூப்பிட்டு, யாருக்காக இப்படி யோசித்துத் தனியாகச் செய்கிறீர்கள் என்று கேட்டுத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்திரம் கழுவுற ராமாயியோட பங்கு சார் அது. குழந்தைக்குன்னு சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டா. அவ மாதிரி கழுவுற ஆளுங்களுக்குப் பின்கட்டுல தனியா ஆக்கணும், பெருங்காயமெல்லாம் போட்டு வீணாக்க வேணாம், அவங்க கரண்டி நம்ம பாத்திரத்துல படவே கூடாதுன்னு திறந்த அன்னிக்கே நீங்கதானே சொன்னீங்க."