முகம் காட்டாத ஆட்டம்

“மறுபடியும் காட்டிக் கொடுத்துட்டியே!” அக்கா சீட்டுகளை மேசையில் ஓங்கி அடித்தாள். கேன்டீனில் பக்கத்து மேசைக்காரர் டீயும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டை செய்யவில்லை.

“ரெண்டு சீட்டு உன் கையில. நடுவுல அஞ்சு சீட்டு, அது ரெண்டு பேருக்கும் பொது. அந்த ஏழுல நல்லதா அஞ்சு சேக்கணும். போக்கர்னா இவ்வளவுதான்டா!”

“அது புரியுதுக்கா.”

“அப்புறம் ஏன் சீட்டைத் தூக்கினதும் மூஞ்சி சுருங்குது? கையில ஒண்ணுமே இல்லைன்னாலும் எல்லாம் இருக்கற மாதிரி உக்காரணும். கலைச்சுப் போடு.”

தம்பி கலைத்துப் போட்டான். பந்தயத்துக்கு மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்கள். இந்த முறை அவனுக்கு மூன்று ஏழு சேர்ந்தது. “நான் ஜெயிச்சுட்டேன்!” என்றான்.

அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சியா தோத்தியான்னு யார் கேட்டா? உதடு துடிச்சுதே, அதுக்கு என்ன சொல்றே? அவர் முன்னால இப்படிப் போய் உக்காந்தா மொத்தமும் போச்சு. எதிராளி மூஞ்சியப் பாத்தே கையில இருக்கறதச் சொல்ற மனுஷன் அவர்.”

“அப்ப நீயே போய் உக்காரு! எனக்கு எதுக்கு இந்த எழவு ஆட்டம்?” பொட்டலங்களை ஒரே தள்ளாகத் தள்ளினான். பாதி தரையில் சிதறியது.

“என் பொய்யெல்லாம் அவருக்கு அத்துப்படி. உன்னைத்தான் நம்புவார்.” அக்கா பல்லைக் கடித்தாள். “கண்ணைத் துடை. இன்னொரு ஆட்டம்.”

வெடுக்கென்று சீட்டை எடுத்தான். ஆத்திரத்தில் சீட்டின் ஓரம் கசங்கியது. முகம் மட்டும் அசையவில்லை. அவள் முதல்முறையாகத் தலையாட்டினாள்.

அப்போது வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “உங்க அப்பா கண் முழிச்சுட்டார். பையனைக் கேக்கறார். ஆபரேஷன் ஆன உடம்பு, அதிர்ச்சி தாங்காதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னார்.”

எழுந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள் அக்கா.

“ஆக்சிடென்ட் ஆன கார்ல கூட வந்த அம்மா எங்கேன்னுதான் முதல்ல கேப்பார். பக்கத்து வார்டுல தூங்கறாங்கன்னு சொல்லு. நேத்து அடக்கம் பண்ணிட்டு வந்தோம்னு இந்த மூஞ்சி சொல்லிடக் கூடாது.”