வெயிலில் நீட்டிய கைகள்

ஊற்ற வேண்டியதையெல்லாம் ஊற்றியும் கண்ணாடியில் முகம் தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் பளபளவென்று வெள்ளி படிந்திருக்க வேண்டும். வெறும் கண்ணாடி பல்லிளித்துக்கொண்டு கிடந்தது.

முதலாளியம்மா வெள்ளிக் கரைசல் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். நிறைந்துதான் இருந்தது. உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். யாரோ கரைசலைக் களவாடிவிட்டு ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

முகக்கண்ணாடி செய்யும் அந்தப் பட்டறையில் மேற்பார்வை என்னுடையது. எனக்கு என் நிழல் மேலேயே சந்தேகம் வரும். அதிலும் கண்ணாடி கழுவும் வாயாடி சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலையிலிருந்தே அவள் சிரிப்பு சரியில்லை.

"நான் இன்னைக்கு கரைசல் வைக்கிற அறைப்பக்கமே போகலம்மா. சாவி இவகிட்டதான் இருந்துச்சு" என்றேன்.

வாயாடியின் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று வயிறு. இன்றோடு வேலை போய்விடும் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

முதலாளியம்மா கத்தவில்லை. எல்லாரையும் முற்றத்து வெயிலில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்.

எதற்கென்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் இதே வேலை. வெள்ளி அணுக்களாகச் சேர்ந்திருந்தால் மின்னும், ஒளிக்க முடியாது. ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்து அயனியாகிவிட்டால் தண்ணீரோடு தண்ணீராக நிற்கும், கண்ணுக்கே தெரியாது. தோலில் பட்டு வெயிலும் பட்டால் போன எலக்ட்ரான் திரும்பிவிடும். மறுபடி அணு, ஆனால் பொடிப்பொடியாக. அந்த இடம் கறுத்துப்போகும், எந்தச் சோப்புக்கும் போகாது.

அரை மணி நேரம் நின்றோம். நான் வரிசையில் ஒவ்வொரு கையாக உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வாயாடியின் விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஊறி வெளுத்திருந்தன, ஒரு புள்ளி இல்லை. எரிச்சலாக வந்தது.

என் கைகளை முதலாளியம்மாவிடம் நானே நீட்டினேன். சுத்தமாக இருந்தன. இருக்கும் என்று தெரியும்.

வாயாடி அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, நெத்தியில என்ன அது, கறுப்பா இழுத்திருக்கு?"

எல்லாரும் திரும்பினார்கள். என் கை தானாக நெற்றிக்குப் போனது.

காலையில் கையுறையைக் கழற்றி அடுப்பில் போட்டு எரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

கழற்றுவதற்கு முன் வியர்வையைத் துடைத்தேனா என்பதுதான் நினைவில்லை.